ஆட்டு ரத்தம் என்று சொன்னேன்

ரத்தம் கலந்த அகார் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அழகு தெரியும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தட்டு, அதில் கிருமி வளர்வதற்காக ஊற்றி உறையவைத்த செக்கச்சிவந்த பாகு. முந்தின நாள் நோயாளியின் தொண்டையில் தடவி எடுத்த பஞ்சை அதன் ஓரத்தில் தேய்த்து, கம்பியால் கோடு கோடாக இழுத்து, இரண்டு இடத்தில் கம்பியை உள்ளே குத்தியும் வைத்து, சூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுவோம். மறுநாள் காலையில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாகப் புள்ளிகள் முளைத்திருக்கும். சில தட்டுகளில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்தில் மட்டும் சிவப்பு இருக்காது, அதன் வழியே ஜன்னல் கம்பி தெரியும். வளையம் இருந்தால் பென்சிலின் ஊசி. இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் கொப்பளித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரின் கிளினிக்கில், பின்கட்டு லேபில், அறுபதுகளின் கடைசியில் தொடங்கிப் பன்னிரண்டு வருஷம் நான் பார்த்த வேலை இதுதான். ஆயிரக்கணக்கில் தட்டு பார்த்திருப்பேன். ஒரே ஒரு தட்டுதான் கண்ணிலேயே நிற்கிறது. அதில் வளையம் இல்லை. அது என் நாத்தனாருடைய தொண்டையிலிருந்து எடுத்தது.

வளையம் எப்படி வருகிறது என்று அந்த நாளில் யாராவது கேட்டிருந்தால், கிருமி ரத்தத்தைத் தின்றுவிடுகிறது என்று சொல்லியிருப்பேன். டிப்ளமோ படித்தவள் என்கிற தலைக்கனம் வேறு. கிருமி ஒன்றும் தின்பதில்லை. அது ஒரு நஞ்சை வெளியே விடுகிறது. அந்த நஞ்சின் துணுக்குகள் ரத்த அணுவின் மெல்லிய தோலில் போய் ஒட்டி, தோலில் இருக்கும் கொழுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒன்றோடொன்று கைகோத்து வட்டமாக நின்றுவிடும். அந்த வட்டத்தின் நடுவே ஓட்டை விழும். ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே பாய, அணு உப்பி வெடிக்கும். வெடித்த இடத்தில் சிவப்பு கலைந்துபோகும். ரொம்ப வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த படம் ஒன்றைப் பார்த்தேன். அணுவின் தோல் முழுக்க, எண்ணெயில் மிதக்கும் உளுந்து வடைகள் மாதிரி வட்டவட்டமாக ஓட்டைகள். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

நான் கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தபோது நாத்தனாருக்குப் பன்னிரண்டு வயது. என் வீட்டுக்காரருக்கு அவள் ஒரே தங்கை. வீட்டில் இரண்டு தறி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் ராட்டையின் முன் உட்கார்ந்து தார் சுற்றுவாள், அதாவது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் பட்டு நூலை ஏற்றுவாள். கை வேலையில் இருக்கும், வாய் ஓயாது. என் லேபுக்கு அவள் வைத்த பெயர் ரத்தக் கடை. "இன்னா அண்ணி, இன்னிக்குக் கடையில வியாபாரம் எப்படி?" என்று தினமும் கேட்பாள். ஆனால் தெருவில் யாராவது மருமகள் வேலைக்குப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை கோணலாகப் பேசிவிட்டால் போதும், அவர்களைச் சும்மா விடமாட்டாள். "எங்க அண்ணி கண்ணுக்குத் தெரியாத பூச்சியெல்லாம் புடிக்கிறாங்க, உங்க வூட்ல யாராச்சும் புடிப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு வருவாள். அவ்வளவு நம்பிக்கை என்மேல். அந்த நம்பிக்கைக்கு நான் என்ன கைம்மாறு செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுத வந்திருக்கிறேன்.

தட்டுக்கு ரத்தம் வேண்டுமே. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், ஆட்டு ரத்தம்தான் வேண்டும் என்று. ஏன் என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. விடியற்காலையில் கறிக்கடைக்குப் போய், ஆடு அறுக்கும்போதே கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் ரத்தத்தைப் பிடித்து, அங்கேயே நின்று பத்து நிமிஷம் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் உறைந்துவிடும். கம்பவுண்டர் அதைச் செய்துகொண்டிருந்தார். அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனதும் அது என் தலையில் விழுந்தது. பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுமே கவுச்சி படாத வீடு. முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு போய் வந்தேன். கடைக்காரர் நல்ல மனிதர், "தள்ளி நில்லு தாயி, மேல தெறிக்கும்" என்று அவரே பிடித்துக் கொடுத்தார். ஆனால் குடுவையும் கையுமாக நான் நின்றதை எங்கள் தெருக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். நான் வீடு திரும்புவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

மாமியார் கத்தவில்லை. கத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அப்போது ஒரு தறியில் அம்மனுக்குச் சாத்துகிற புடவை ஏறியிருந்தது, நவராத்திரிக்காக யாரோ நேர்ந்துகொண்டது. அப்படிப் புடவை தறியில் இருக்கும் வரைக்கும் வீட்டில் எல்லாருமே குளித்துவிட்டுத்தான் தறிப்பக்கம் போவோம், துக்க வீட்டுக்குப் போகமாட்டோம், வெளியில் கை நனைக்கமாட்டோம். "நீ வேலைக்குப் போறத நான் இன்னிக்கும் வேணான்னு சொல்லலமா. ஆனா ஆட்டு ரத்தத்த தொட்டுட்டு இந்த வாசப்படி ஏறாத. அம்மன் பொடவைய அறுத்து எறக்கற வரைக்கும் அத வேற யாராச்சும் பார்க்கட்டும்" என்றார். வேறு யார் இருக்கிறார்கள்? டாக்டரிடம் போய், என் மாமியார் விடவில்லை என்று சொல்ல ரோஷம் தடுத்தது. பெண்பிள்ளையை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்கிற பயம்.

அதனால் ஒரு யோசனை செய்தேன். கிளினிக்கில் பெருக்கித் துடைக்கும் ஆயாவை என் மேல்கையில் ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, என் ரத்தத்தை நானே எடுத்துக் குடுவையில் ஊற்றிக் குலுக்கினேன். பத்து மில்லி இருந்தால் ஒரு வாரத்துக்கான தட்டு ஆகிவிடும். என் ரத்தம் என்னோடது, அதற்கு என்ன தீட்டு? சிவப்பு சிவப்புதானே? ஆயா மட்டும், "இன்னாமா இது, வேலைக்கு வந்து ரத்தத்த வேற குடுக்கறே" என்று முணுமுணுத்தாள். எனக்கோ உள்ளுக்குள் பெருமை. மாமியாரையும் பகைத்துக்கொள்ளாமல், டாக்டரையும் கேட்காமல் சமாளித்துவிட்டேன் பாருங்கள் என்று. தட்டு வார்த்து முடித்தபோது அசல் ஆட்டு ரத்தத் தட்டு மாதிரியே பளபளவென்று இருந்தது.

மூன்றாம் வாரம் நாத்தனாருக்குக் காய்ச்சல், தொண்டையில் எச்சில் விழுங்க முடியவில்லை. கிளினிக்குக் கூட்டிப் போனேன். அதற்கு முந்தின வருஷம் வேறொரு நோயாளிக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் உயிர் போய்த் திரும்பியிருந்தது, அதிலிருந்து டாக்டர் தட்டைப் பார்க்காமல் அந்த ஊசியைத் தொடுவதில்லை. நானே அவள் தொண்டையில் பஞ்சு தடவினேன். குமட்டிக்கொண்டு என் கையைத் தட்டிவிட்டாள், அப்புறம் தானே சிரித்துவிட்டு வாயைத் திறந்தாள். மறுநாள் தட்டை ஜன்னலுக்கு எதிரே பிடித்தேன். புள்ளிகள் இருந்தன. வளையம் இல்லை. ஓரிடத்தில் லேசாகக் கலங்கினாற்போல் இருந்தது, தட்டைத் திருப்பிப் பார்த்தால் அதுவும் இல்லை. "ஒண்ணும் இல்ல டாக்டர், எல்லார் தொண்டையிலயும் இருக்கறதுதான்" என்றேன். நாலு நாளில் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் அவள் தெருவில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் போல இருக்கும், முட்டி வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால், அப்புறம் முழங்கை. மாமியார் எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார், அதுவும் சரியாயிற்று. அதற்கு மேல் இரண்டு மாதம் கழித்துத் தார் சுற்றும்போது நூல் அறுபட ஆரம்பித்தது. அவள் கை வெடுக்கென்று தானாக இழுத்துக்கொள்ளும். டம்ளர் கைநழுவி விழும். வகுப்பில் முகத்தைக் கோணிக் காட்டுகிறாள் என்று வாத்தியார் பெஞ்சு மேல் நிற்க வைத்தார். "கையில இன்னா சனியன் வந்து உக்காந்துக்கினு இருக்குது?" என்று மாமியார் திட்டினார். ஒருநாள் என் புடவைமேல் காபியைக் கொட்டிவிட்டாள். "வேணும்னே பண்றியா?" என்று அவள் புறங்கையில் பட்டென்று அடித்தேன். அடிபட்ட கை என் கண் முன்னாலேயே இன்னொரு தடவை துள்ளியது. அவள் அதை இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் பண்ணல அண்ணி, அதுவா பண்ணுது" என்று அழுதாள்.

டாக்டர் அவள் நெஞ்சில் குழலை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "அந்தத் தொண்டைய நீங்கதானேம்மா பார்த்தீங்க?" என்றார். ஆமாம், ஒன்றும் இல்லை என்றேன். மெட்ராஸுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், என் வயதுதான் இருக்கும். ரத்தம் எடுத்துப் பரிசோதித்துவிட்டு, மூட்டு, கை, நெஞ்சு எல்லாமே ஒரே தொண்டைப்புண்ணின் பின்விளைவு என்றார். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு தன் இதயத்தையே கிருமி என்று நினைத்து அடிக்கிறது, இதயத்தின் வால்வு ஒன்று ஏற்கெனவே கெட்டிருக்கிறது. தொண்டை வலித்த அன்றைக்கே பென்சிலின் போட்டிருந்தால் இது வந்தே இருக்காது. நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தொண்டை வலி வந்துச்சு டாக்டர், ஆனா அதுல ஒண்ணும் இல்ல. எங்க அண்ணியே லேப்ல வெச்சிப் பார்த்தாங்க."

"டெஸ்ட்ல சில சமயம் தவறிடும்மா."

"எங்க அண்ணி தப்பு பண்ண மாட்டாங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். குற்றம் கண்டுபிடிக்கிற குரல் இல்லை, ஒரே தொழிலில் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்கிற குரல். "நீங்க பிளேட்டுக்கு எந்த ரத்தம் போடறீங்க?"

"ஆட்டு ரத்தம்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் சொல்லிவிட்டது. அவர் தலையாட்டினார். "நல்லது. சில இடத்துல மனுஷ ரத்தத்த ஊத்திடறாங்க, அதுதான் பிரச்சினை" என்று சொல்லி, நாத்தனாரிடம் எடுத்த ரத்தத்தில் செய்த பரிசோதனையை விளக்கினார். இதே கிருமியின் நஞ்சையும் அவள் ரத்த நீரையும் கலந்து, அதில் ரத்த அணுக்களைப் போடுவார்களாம். நஞ்சு அணுவில் ஓட்டை போட முடியாமல் போனால், அதைக் கட்டிப்போடுகிற எதிர்ப்பொருள் அந்த ரத்த நீரில் இருக்கிறது, அதாவது இந்தக் கிருமி அந்த உடம்புக்கு ஏற்கெனவே வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். இவள் ரத்தத்தில் அது நிறைய இருந்தது. சின்ன வயதில் தொண்டைப்புண் அடிக்கடி வந்தவர்கள் யாருடைய ரத்தத்திலும் இருக்கலாம், அந்த ரத்தத்தில் தட்டு வார்த்தால் வளையம் சரியாகத் தெரியாது என்றார். சிறுமியாக இருந்தபோது எனக்கு மழைக்காலம் வந்தால் போதும், தொண்டை கட்டிக்கொள்ளும், காய்ச்சலில் கிடப்பேன். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

ஊருக்கு வந்ததும் ஒரு வேலை செய்தேன். புடவை தறியிலிருந்து இறங்கி எத்தனையோ நாளாகியிருந்தது, ஆட்டு ரத்தத்துக்குப் புது ஏற்பாடும் ஆகியிருந்தது. ஆட்டு ரத்தத்தில் ஒரு தட்டு, என் ரத்தத்தில் ஒரு தட்டு வார்த்து, வேறொரு நோயாளியின் கிருமியை இரண்டிலும் இழுத்து வைத்தேன். காலையில் ஒன்றில் வளையம் பளிச்சென்று இருந்தது. மற்றதில் தேடித் தேடிப் பார்த்தால் இருக்கிறது போலவும் இல்லாதது போலவும் ஒரு கலங்கல், அவள் தட்டில் பார்த்த அதே கலங்கல். இரண்டையும் கொதிக்கவைத்துக் கழுவிக் கவிழ்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருஷக்கணக்கில் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதே கிருமி இன்னொரு முறை வந்தால் இதயம் தாங்காது. போட்ட பிறகு இரண்டு நாள் உட்கார முடியாத ஊசி அது. கை துள்ளுவது நின்றுபோய், பார்க்க ஆரோக்கியமாகிவிட்ட பெண்ணுக்கு அது எதற்கு என்று தோன்றுமா தோன்றாதா? பதினாறு வயதில் ஒருநாள் தார் சுற்றிக்கொண்டே கேட்டாள். "அண்ணி, நீங்க பார்த்தப்பவே இல்லாத கிருமிக்கு நான் எதுக்கு ஊசி போட்டுக்கினு கெடக்கணும்?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். இருந்தது, நான்தான் தப்பாகப் பார்த்தேன் என்று சொன்னால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டாக்டர் சொன்னா கேட்டுக்கோ, எதிர்க்கேள்வி கேட்காதே" என்றேன். சொல்லிவிட்டு அடுப்பில் ஏதோ இருப்பதுபோல உள்ளே போய்விட்டேன். அவள் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று கிளம்பி, சிநேகிதி வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். ஏழெட்டு மாதம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. அந்தப் பேச்சை எடுக்காத வரைக்கும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

பதினேழு வயதில் மறுபடி தொண்டைப்புண், மறுபடி காய்ச்சல். இந்தத் தடவை மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. அதே மெட்ராஸ் ஆஸ்பத்திரி. வால்வு சுருங்கிவிட்டது என்றார்கள். மாமியார் சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்த ஒரு மத்தியானம், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். புடவை, கறிக்கடை, என் கை, அந்தத் தட்டு, பொய், கழுவிக் கவிழ்த்த இரண்டு தட்டுகள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஆட்டு ரத்தம்னு எனக்கோசரம் பொய் சொன்னீங்களா, உங்களுக்கோசரமா?"

"எனக்காகத்தான்."

"ம்" என்றாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. உங்கள வூட்ல வெச்சிக்கினு இருக்காது." அப்புறம் நர்ஸ் வந்து ஊசி என்றதும் தானே திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இது மன்னிப்பு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்கு வந்து நாற்பது நாள் போல என்னோடு பேசவில்லை. பரிமாறினால் சாப்பிடுவாள், என் முகத்தைப் பார்க்கமாட்டாள். ஒருநாள் காலையில், "அண்ணி, சீப்ப எங்க வெச்சீங்க?" என்றாள். நான் சீப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அழுதேன். அதற்குப் பிறகு அவள் ஒரு ஊசியைக்கூடத் தவறவிடவில்லை. தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்வாள், விந்திக்கொண்டு நடந்து வருவாள், ஒரு முனகல் இருக்காது. ஆனால் அந்த ஏழெட்டு மாதம் ஏன் போகவில்லை என்று மாமியார் கேட்டு உலுக்கியபோது, நான் பக்கத்தில் நிற்கும்போதே, "ஊசின்னா எனக்குப் பயம்மா, அதான் போவல" என்றாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நின்றேனே, அதுதான்.

அவளைக் கேட்டு யாரும் பெண் பார்க்க வரவில்லை. வால்வைத் திறக்கிற ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்த வருஷத்தில், இருபத்து நாலு வயதில், நுரையீரலில் நீர் கோத்து இறந்துபோனாள். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு சொன்னார், "ஊசிக்குப் பயந்தே பூட்டாளே, பாவி! என் மருமவ எவ்ளோ சொன்னா, கேட்டாளா?" வந்தவர்கள் என்னைப் பரிவோடு பார்த்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னை மாதிரி அண்ணி யாருக்குக் கிடைக்கும் என்றாள். நான் அவளுக்குக் காபி ஆற்றிக் கொடுத்தேன்.

அதன்பின் எங்கள் வீட்டில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. என் பிள்ளைகள் ஊசிக்கு அழுதால், "உங்க அத்தை மாதிரி பயந்து பூடாதீங்க" என்பார் மாமியார். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. சொல்லியிருக்கலாம், துரத்துவதற்கு இப்போது யாரும் இல்லை. போன மாதம் பேத்திக்குத் தடுப்பூசி. குழந்தை கத்திய கத்தலில் நர்ஸே சிரித்துவிட்டாள். என் மகள் அதை மடியில் இறுக்கிக்கொண்டு, "எங்க அத்தைதான் ஊசிக்குப் பயந்து செத்தாங்க, அந்தப் பயந்தாங்கொள்ளி ரத்தம் இதுக்கும் வந்துடிச்சி" என்று நர்ஸிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. குழந்தையின் தொடையைத் தேய்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன், வாயால் சொல்லத் துப்பில்லாதவள் வேறு என்ன செய்வாள். முதலில் படிக்கப்போகிறவள் என் மகள்தான். படித்துவிட்டு அவளும் என்னோடு பேசாமல் இருக்கலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். ஆனால் இதை மட்டும் தெரிந்துகொள்ளட்டும். உன் அத்தை ஊசிக்குப் பயந்தவள் இல்லையம்மா. பயந்தவள் நான்.